எத்தனை அடி ஆழம்?

1

காலையில் பேப்பர் வந்ததும் எங்கள் அப்பா முதலில் தேடுவது அணை நீர்மட்டம். பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி. பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77. பேச்சிப்பாறை 40-ஐத் தாண்டி நின்றால் அப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்புவார். 20-க்குக் கீழே இறங்கினால் "கும்பப்பூவுக்கு யோசிச்சுத்தான் எறங்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். 1906-ல் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இது தினசரி வழக்கம். கையில் எவ்வளவு ஆழம் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் எவ்வளவு துணிவது என்று முடிவெடுக்க வேண்டும்.

அதே வீட்டில் பிறந்த சித்தப்பாவுக்கு அணைக் கணக்கில் ஈடுபாடு கிடையாது. அவருக்குச் சீட்டுக் கணக்கு. விழுந்த சீட்டு 32-ஐயும் ஆட்டம் முடிந்தபிறகு வரிசையாகச் சொல்லுவார். அப்பா ஆழம் பார்ப்பவர், சித்தப்பா திறமைசாலி. இருவரில் யார் கடைசியில் தப்பித்தார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பொறியியல் பட்டமும், பெங்களூரில் சில வருடங்களும், கொஞ்சம் சொந்தப் பணமும் செலவாகின.

2

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முந்தின ராத்திரி ஆக்குப்புரையில் கறிக்காய் வெட்டு நடக்கும். பூசணியும் தடியங்காயும் மலைபோல் குவிந்திருக்க, பெரியவர்கள் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருப்பார்கள். காய் வெட்டத் தெரியாதவர்களும் வெட்ட விருப்பமில்லாதவர்களும் பந்தலின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து இருபத்தெட்டு களிப்பார்கள்.

இருபத்தெட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கை. கட்டிலிருந்து ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. ஆக ஒரு இனத்துக்கு 7, நாலு இனத்துக்கு 28. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு மட்டும் வரும். அந்த நாலை வைத்துக்கொண்டு 14-லிருந்து ஏலம் கேட்க வேண்டும். கடைசியாகக் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அதன்பிறகுதான் மீதி நாலு சீட்டு. பாதிக் கையைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டு, மீதிக் கையோடு அதைக் காப்பாற்ற வேண்டும். துருப்பு என்ன என்பதும் யாராவது கேட்டு வாங்கும்வரை தெரியாது.

ராஜாவுக்கு மேலே ஜாக்கியும் ஒன்பதும் ஏறி உட்காரும் இந்த விசித்திர வரிசை ஐரோப்பாவின் யாஸ் குடும்பத்து ஆட்டங்களிலும், டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துருப்பு இனத்துக்கு உண்டு. அவற்றுக்கும் இருபத்தெட்டுக்கும் உறவு இருக்கவேண்டும் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். டச்சுக்காரன் என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்கு 1741 குளச்சல் போரை இழுக்காமல் இருக்க முடியாது. நான் இழுக்கவில்லை, அது வேறு கட்டுரை.

இங்கே எனக்கு முக்கியம், தோற்றால் என்ன ஆகும் என்பது. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு கைக்கும் ஆறு புளியமுத்து. ஏலம் கேட்டது கிடைக்காவிட்டால் ஒரு முத்து போகும், பெரிய ஏலமென்றால் இரண்டு. ஆறும் தீர்ந்தால் தோற்ற இருவருக்கும் குணுக்கு. பிலாவிலைக் காம்பையோ பனையோலைத் துண்டையோ காதில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட வேண்டும். கிழவிகள் காது வளர்க்க மாட்டிய குணுக்கின் பெயரே இதற்கும். காதில் இலை தொங்க ஆடும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைப் பார்த்துப் பொடிப்பயல்கள் சிரிப்பார்கள். விடிந்ததும் குணுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போவார் அவர்.

அவமானம் உண்டு, ஆனால் அதற்கு ஒரு அளவு உண்டு. ஆறு முத்துக்கு மேல் ஏழாவது முத்து கிடையாது.

3

பெங்களூரில் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ஆபீஸ் நண்பர்கள் ஆறேழு பேர் ஒரு வீட்டில் கூடி நோ-லிமிட் ஹோல்டம் ஆடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். சீட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பணத்துக்கு பிளைண்ட் என்று பெயர். எங்களுக்கு அது 10, 20 ரூபாய். ஒருவன் முன்னால் இருக்கும் மொத்தப் பணம் அவனுடைய ஸ்டாக். அதைப் பெரிய பிளைண்டால் வகுத்தால் வருவதுதான் ஆழம். 2,000 ரூபாய் வைத்திருந்தால் 100 பிளைண்ட். இதுதான் உலகம் முழுக்கச் சாதாரண அளவு. 200-ஐத் தாண்டினால் டீப் ஸ்டாக் என்பார்கள்.

முதல் ஒரு வருடம் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். சித்தப்பாவின் ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி ஆட்டம் சூடேறி, என் முன்னாலும் எதிரில் இருந்த நண்பன் முன்னாலும் ஆளுக்கு 8,000 குவிந்திருந்தது. 400 பிளைண்ட். எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. 60 வைத்தேன். அவன் மட்டும் வந்தான். நடுவில் 150. விழுந்தவை ராஜா, ஒன்பது, ஐந்து. நான் 150 வைக்க, அவன் 450 ஆக்கினான். நான் 1,350. அவன் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு எவன் விடுவான்? நானும் தள்ளினேன். அவன் கையில் இரண்டு ஐந்து. மேஜையில் கிடந்ததோடு மூன்று ஐந்து.

அதோடு எழுந்திருந்தால் அது ஒரு பாடம். நான் இன்னும் இரண்டு தடவை பணம் போட்டு உட்கார்ந்தேன். விடியும்போது என் முன்னால் ஒன்றுமில்லை. மொத்தம் 22,000 ரூபாய். அந்த மாத வீட்டு வாடகையை இன்னொரு நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

அதிர்ஷ்டமில்லை என்றுதான் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் கணக்குப் போட்டேன். கையில் ஜோடி வைத்திருப்பவனுக்கு முதல் மூன்று சீட்டில் மூன்றாவது கிடைப்பது சுமார் எட்டரை தடவைக்கு ஒரு தடவை. அவன் 60 ரூபாய் போட்டு அந்த வாய்ப்பை வாங்குகிறான். என்னிடம் 800 மட்டும் இருந்திருந்தால் அவனுக்கு அந்தப் பேரம் கட்டினால் கட்டும், கட்டாவிட்டால் இல்லை. என்னிடம் 8,000 இருக்கும்போது 60 ரூபாய்க்கு 8,000 ரூபாய் லாட்டரி. அந்தச் சீட்டை அவனுக்கு விற்றது நான்தான்.

இன்னொரு கணக்கு. நடுவில் 150 இருக்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் தொகைக்குச் சமமாகப் பந்தயம் வைத்தால் 150, 450, 1,350. மூன்றையும் கூட்டினால் 1,950. முதலில் வைத்த 60-ஐயும் சேர்த்தால் 2,010. அதாவது 100 பிளைண்ட் ஸ்டாக் என்பது மூன்று முழுப் பந்தயத்தில் சரியாகத் தீர்ந்துவிடும் ஆழம். 8,000 வைத்திருப்பவனுக்கு அதற்குப் பிறகும் 6,000 மிச்சம் இருக்கும். அந்த 6,000-மும் நடுவுக்கு வருகிறதென்றால் யாரோ வழக்கத்தை மீறி ஏற்றுகிறான். அப்படி ஏற்றுகிறவனிடம் ஒற்றை ஜோடி இருப்பது அபூர்வம். 40 பிளைண்டில் இரண்டு ஏஸை வைத்து மொத்தத்தையும் தள்ளியிருந்தால் அது சரியான ஆட்டம். 400 பிளைண்டில் அதே சீட்டு, அதே எதிரி, அதே தைரியம், ஆனால் முட்டாள்தனம்.

டீப் ஸ்டாக் உத்தி என்று எழுதப்படும் அத்தனையும் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான். ஆழம் கூடக் கூட, இப்போது பலமாக இருக்கும் சீட்டின் மதிப்பு இறங்குகிறது. பின்னால் பெரிதாக மாறக்கூடிய சீட்டின் மதிப்பு ஏறுகிறது. சின்ன ஜோடிகள், ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டுகள், ஏஸோடு அதே இனத்துச் சீட்டு எல்லாம் விலை ஏறும். கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு லாபம் கூடும், ஏனென்றால் பேச இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. இரண்டாவது சிறந்த கை என்பது ஆழமில்லாத ஆட்டத்தில் ஆறுதல் பரிசு, ஆழமான ஆட்டத்தில் சாவு. 2007-ல் மேத்யூ ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் மூவரும் எழுதிய புத்தகம் இதற்கு ஒரு எளிய அளவுகோலைப் பரப்பியது: கையில் மிச்சமிருக்கும் பணத்தை நடுவில் இருக்கும் பணத்தால் வகு. எனக்கு அன்றைக்கு அது 53. ஐந்துக்கு ஆடும் ஆட்டத்தை ஐம்பத்து மூன்றுக்கு ஆடியிருக்கிறேன்.

அப்பா பேப்பரில் பார்ப்பதும் இதையேதான்.

4

ஆழத்தைப் பற்றிய கணக்கு சீட்டுக்கட்டோடு பிறந்ததல்ல. 1656-ல் பாஸ்கல் ஃபெர்மாவிடம் கேட்ட ஒரு கேள்வியை, டச்சுக்காரரான ஹைகன்ஸ் 1657-ல் தன் சிறு நூலின் கடைசிக் கணக்காக வைத்தார். இரண்டு பேர், ஆளுக்கு 12 காய், பகடை விழுவதைப் பொறுத்து ஒருவர் இன்னொருவரிடமிருந்து ஒரு காய் எடுப்பார். முழுவதையும் இழப்பது யார்? இதிலிருந்து வளர்ந்ததுதான் சூதாடியின் அழிவு என்று கணிதத்தில் சொல்லப்படுவது. ஆட்டம் முழுக்க நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். என்னிடம் 10 ரூபாய், எதிரியிடம் 90, ஒவ்வொரு ரூபாயாகப் பந்தயம். யாராவது ஒருவர் தீரும்வரை ஆடினால் நான் தீர்ந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. ஏமாற்று ஏதுமில்லை, என் குளம் சின்னது, அவ்வளவுதான்.

ஹோல்டம் டெக்சாஸில் பிறந்தது. ராப்ஸ்டவுன் என்ற ஊர்தான் பிறந்த இடம் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007-ல் தீர்மானமே போட்டது. 1970-ல் லாஸ் வேகாஸில் பென்னி பினியனின் விடுதியில் உலகத் தொடர் ஆரம்பித்தது. 1976, 1977 இரண்டு வருடமும் ஜெயித்த டாயில் பிரன்சன் எழுபதுகளின் கடைசியில் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்' நூல்தான், எல்லையில்லாப் பந்தயத்தில் எப்படி ஆடுவது என்பதை முதன்முதலில் விரிவாக வெளியே சொன்னது.

எங்கள் தொழில்காரர்கள் உள்ளே வந்தது அதற்குப் பிறகு. பந்தயத் தொகைக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டம் ஆட்டத்தை ஆல்பர்டா பல்கலைக்கழகக் குழு 2015-ல் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்தது. அதில் முடிவெடுக்கும் இடங்கள் சுமார் பத்தின் 14-ஆம் அடுக்கு. வரம்பை எடுத்துவிட்டு 200 பிளைண்ட் ஆழம் கொடுத்தால் அது பத்தின் 161-ஆம் அடுக்காகிறது. விதி ஒன்றுதான் மாறியது. ஆழம் என்பது இவ்வளவு பெரிய விஷயம்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரௌனும் தூமாஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய லிப்ரேடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 கை ஆடியது. பிளைண்ட் 50, 100, ஸ்டாக் 20,000. நடுவில் இருக்கும் தொகையைப்போல் பல மடங்கு பந்தயத்தை அது எடுத்து வைத்தபோது அவர்கள் திணறினார்கள். கடைசியில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட காய்கள் வித்தியாசத்தில் லிப்ரேடஸ் ஜெயித்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது நிரலைப் பற்றித்தான் வியந்தேன். இப்போது என் கண்ணில் படுவது வேறு. ஒவ்வொரு கை முடிந்ததும் இரண்டு பக்கமும் மறுபடி 20,000-த்திலிருந்து ஆரம்பித்தார்கள். யாரும் சொந்தப் பணத்தை இழக்கவில்லை. நான்கு பேருக்கும் பரிசுப் பணம்தான். திறமையை மட்டும் தனியே பிரித்து அளக்க வேண்டுமென்றால், தோல்வி அடுத்த கைக்கு ஒட்டிக்கொண்டு வராதபடி செய்ய வேண்டும். ஆராய்ச்சியாளர்களுக்கு அது தெரிந்திருந்தது.

5

நம் பழைய கதைகளில் சூதாடிகள் இரண்டு பேர். நளன், தருமன். நளன் தோற்று, பாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகி, ருதுபர்ணனை ஏற்றிக்கொண்டு போகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று ருதுபர்ணன் சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடு, குதிரை வித்தையை உனக்குத் தருகிறேன் என்கிறான் நளன். கணக்கு வித்தையும் சூது வித்தையும் ஒன்றாகவே கைமாறுகின்றன. தான்றிக் காயைத்தான் அந்தக் காலத்தில் சூதுக்காயாக உருட்டினார்கள். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975-ல் இந்தக் கதையை எடுத்துக்காட்டியிருக்கிறார். நளன் மீண்டது ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு.

தருமன் கதை அப்படியல்ல. அவனுக்கு ஆடத் தெரியாது என்பதோடு இன்னொன்றும் இருக்கிறது. போக்கர் மேஜையில் ஒரு விதி உண்டு: ஆட்டம் ஆரம்பிக்கும்போது உன் முன்னால் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் அந்தக் கையில் உன்னால் இழக்க முடியும். பையிலிருந்து எடுக்கக்கூடாது, வீட்டை எழுதிக் கொடுக்கக்கூடாது. நோ-லிமிட் என்ற பெயருக்குள்ளேயே இந்த எல்லை ஒளிந்திருக்கிறது. அஸ்தினாபுரத்தில் அது இல்லை. முத்து போனதும் தேர், தேர் போனதும் நாடு, நாடு போனதும் தம்பிகள், பிறகு தான், பிறகு மனைவி. ஒவ்வொரு தடவையும் சகுனி கேட்டது ஒரே கேள்விதான்: இன்னும் என்ன இருக்கிறது?

சகுனியின் காயைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஏழாவது புளியமுத்தை அனுமதித்த அந்தச் சபையைப் பற்றியும் பேசவேண்டும்.

6

2021-ல் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மொபைலைக் கையில் கொடுத்தாள். "உங்க சித்தப்பாக்க போன். பேங்குல எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லு மக்கா."

ஓய்வுக்குப் பிறகு வந்த பணம் 9 லட்சம் அங்கே இல்லை. ஏதோ ஒரு ரம்மி செயலிக்குப் போயிருந்தது. கணக்கைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். முதல் மாதம் 50, 100, 200. பிறகு 500. கடைசி மாதங்களில் ராத்திரி 1.40-க்கு 5,000, 1.52-க்கு 5,000, 2.15-க்கு 10,000.

சித்தப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார். "லே மக்கா, எனக்கு ஆடத் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுராதே. நாப்பது வருசமாட்டு களிக்கேன்."

அவர் சொன்னது உண்மை. நீதிமன்றமும் அவர் பக்கம்தான். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த சத்தியநாராயணா வழக்கில், விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதும் திறமை, எனவே ரம்மி பெரும்பாலும் திறமையாட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வந்த தீர்ப்பு அது. மூணு சீட்டு மாதிரியானவற்றை அதோடு சேர்க்கவில்லை. 1996-ல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமைப் பட்டியலில் ஏறியது.

தமிழ்நாடு அரசு ஆன்லைன் பணச்சூதைத் தடுக்க 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021-ல் திருத்தச் சட்டமும் கொண்டுவந்தது. அந்த ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதிய சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இத்தனை வருடமும் சண்டை ஒரே கேள்வியின் மேல்: திறமையா, அதிர்ஷ்டமா?

அந்தக் கேள்வியில் ஆழம் இல்லை என்பதுதான் என் வாதம். போக்கர் 10 பிளைண்டில் கிட்டத்தட்ட லாட்டரி, 300 பிளைண்டில் கடுமையான பரீட்சை. ஒரே ஆட்டம்தான். திறமை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தத் திறமை பலன் தருவதற்குள் ஆள் தீர்ந்துபோவானா என்றும் கேட்க வேண்டும். ஒரு உதாரணம்: இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு, செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டு ஜெயித்தவனுக்கு 180 கொடுக்கிறது என்று வையுங்கள். கையைக் கடிக்காமல் இருக்கவே நூறில் 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். நூறில் 53 ஜெயிப்பவன் திறமைசாலி. ஆனால் அவன் நிச்சயமாகத் தோற்பான், மெதுவாக, தான் திறமைசாலி என்ற நினைப்போடு.

அதற்கு மேல், மேஜையில் இருப்பதுதான் எல்லை என்ற அந்தப் பழைய விதியைப் போன் தூக்கி எறிந்துவிட்டது. கட்டைவிரலுக்குப் பின்னால் வங்கிக் கணக்கு, அதற்குப் பின்னால் நகைக்கடன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் திரை கேட்பது சகுனியின் கேள்வியை. மேஜையில் 500 ரூபாய்தான்; ஆனால் குளம் முழுவதும் அந்த மேஜையோடு குழாய் போட்டு இணைக்கப்பட்டிருக்கிறது.

2025-ல் தமிழ்நாடு கொண்டுவந்த விதிமுறைகள் ராத்திரி 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டன. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆட்டத்தின் தன்மையை விட்டுவிட்டு ஆடுகிறவனின் ஆழத்தைப் பார்த்த விதி இது என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் ஆன்லைன் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் பழைய கேள்வியை அது தீர்த்து வைக்கவில்லை, ஒதுக்கி வைத்தது. சித்தப்பாவுக்கு இரண்டுமே நாலு வருடம் தாமதம்.

7

அன்று திண்ணையில் அவருக்கு 180 ரூபாய்க் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எவ்வளவு விட்டே?" என்று கேட்டார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் கணக்குப் போட்ட விதத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இருபத்திரெண்டாயிரம்" என்றேன்.

"உனக்கு அதோட நிறுத்த முடிஞ்சுது" என்றார். முடிந்ததற்குக் காரணம் என் புத்தி என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கூடி ஆடும் மேஜை, விடிந்தால் எல்லோரும் தூங்கப் போக வேண்டும், கடன் கேட்டால் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அவருக்கு அது எதுவுமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, போர்வைக்குள், முகமில்லாதவர்களோடு ஆடியவர் அவர்.

மீதி எல்லாம் எங்கள் குடும்பத்துக்குள் நடந்தது. அப்பா ஒரு பூ நெல்லை விற்று நகையை மீட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

போன தை மாதம் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கல்யாணம். ஆக்குப்புரையின் ஓரத்தில் பாய் விரித்திருந்தார்கள். சித்தப்பா வரமாட்டேன் என்று கொஞ்சநேரம் காய் வெட்டினார். பிறகு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நானும் அவரும் ஒரு கை. 20 கேட்டார். அந்தக் கைக்கு அது அதிகம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு முத்து போயிற்று. மூன்று மணிக்குள் ஆறும் போய், இருவர் காதிலும் பிலாவிலை ஏறியது.

சின்னப் பையன்கள் சிரித்தார்கள். சித்தப்பா காதில் இலையைச் சரிசெய்துகொண்டு, "முத்தை எண்ணி வையி, ஆறுதான்" என்று சொல்லிவிட்டுக் கட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.